கதவுக்கும் ஒரு டிக்கெட்

மாட்டுக் கொட்டகைக் கதவின் பிணைச்சல்
மூன்றாம் தடவையும் விட்டுப்போனது.
பசு தள்ளியதா, மழை தின்றதா,
போன மாதம் வைத்த பொட்டே பொய்யா,
தெரியவில்லை.
கதவைத் தலையில் ஏற்றி ரோட்டுக்கு இறங்கினேன்,
பெரட்டுக்குப் போகிறவர்கள் எதிரே ஏறிவர.

நோர்வூட் பஸ்ஸில் கண்டக்டர்
என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான்,
இரண்டு டிக்கெட் கிழித்தான்.
"இது நிக்கத்தானே போகுது, சீட்டா கேக்குது?"
"நீங்களும் நிக்கத்தானே போறீங்க."
பஸ்ஸே சிரித்தது.

விமலதாச பாஸ் கதவைச் சுவரில் சாய்த்தார்,
பிளேன்டீயை மிச்சமில்லாமல் குடித்தார்,
கண்ணாடி போட்டுக் குனிந்தார்.
கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்த சத்தம்.
பத்து எண்ணுவதற்குள் முடிந்தது.
முன்னூறு.
ஒன்றுக்கு முப்பது.
பத்து எண்ணும் நேரத்தில் நான்
எத்தனை கொழுந்து கிள்ளுவேன் என்று
கூடவே ஒரு கணக்கு ஓடியது. நிறுத்தினேன்.

இரவு, மகளின் பழைய கொப்பியில் எழுதினேன்:
பொட்டு. நாலு டிக்கெட், அதில் இரண்டு கதவுடையது.
விழாத அரைப்பேர்.
லொறி எடுக்காமல் போன பால், ஐந்து லீட்டர்.
கூட்டிப் பார்த்துக் கொப்பியைக் கவிழ்த்து வைத்தேன்.

தோடு அடகுக்குப் போனது.
ஹட்டனிலிருந்து ஒரு மிஷின் வந்தது, பழசு, சிவப்பு.
சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் என்றான் கடைக்காரன்.
என்ன சாப்பாடு சாப்பிடுகிறவனோ,
தோள் கழன்றுவிட்டது.

தண்ணீர்த் தாங்கி மேட்டில்தான் போன் பிடிக்கும்.
அங்கே குடை பிடித்து வீடியோ பார்த்தேன்.
எந்த நாட்டுக்காரனோ, பாஷை விளங்கவில்லை,
கை விளங்கியது.
தொட்டும் தொடாமல் போக வேண்டும்.

நான் தொட்டேன். குச்சி ஒட்டிக்கொண்டது.
பிடுங்கித் திரும்பத் தொட்டேன்.
லயத்தின் பன்னிரண்டு காம்பராவிலும்
பல்புகள் ஒன்றாகக் கண் சுருக்கின.
ஏழரை நாடகத்தில் மருமகள்
வாய் திறந்து பேசப்போன இடமாம்,
டீவி செத்துவிட்டது.
என்னை ஏசியவர்களில்
மரியசெல்வத்தின் குரல்தான் உயரம்.

நடுச்சாமத்தில் கண்ணுக்குள் மணல்.
யாரோ அள்ளி அள்ளிப் போடுகிறார்கள்.
மகள் உருளைக்கிழங்கை வட்டமாய் வெட்டி வைத்தாள்,
"அம்மா, கறி மாதிரி இருக்கீங்க."
மறுநாள் முழுப்பேரும் போனது.
கட்டிலில் கிடந்தபோதுதான் நினைத்தேன்,
பாஸின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும்.
குடி என்று
ஊருக்கே சொல்லியிருக்கிறேன்.

நான் வைத்த தையல்
மண்புழு நெளிந்து காய்ந்ததுபோல் இருந்தது.
பசுவுக்கு அழகு தெரியாது.
ஆனி மழை முழுக்கக் கதவு நின்றது.

பிறகு செல்வராணி அடுப்புக்கால் கொண்டுவந்தாள்,
எட்டாம் காம்பரா வாளிக் கைப்பிடி,
கோயில் கமிட்டி சூலத்தில் ஒரு முனை.
காசு கேட்க வாய் வரவில்லை.
பல்பு மங்கியதற்குக் கழித்துக்கொள்கிறார்கள் போல,
அவர்களும் பேச்சை எடுக்கவில்லை.

மரியசெல்வம் சைலன்சரை நீட்டினான்.
மெல்லிய தகரம்.
கடுகளவு வந்த ஓட்டை
கட்டைவிரல் நுழையப் போனது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுபடி நோர்வூட் பஸ்.
சைலன்சரை மடியில் வைத்துக்கொண்டேன், ஒரு டிக்கெட்.
பாஸ் ஓட்டையைப் பார்த்தார்,
என் புறங்கையில் பொறி சுட்ட புள்ளிகளைப் பார்த்தார்.
"எத்தனையில வச்ச?"
"தொண்ணூறு."
"ஐயோ," என்று சிரித்துக்
கண்ணாடியை இழுத்துவிட்டார்.

நானூறு கேட்டார்.
பேரம் பேசாமல் கொடுத்தேன்.
குறைப்பார் என்று கொஞ்சம் நினைத்ததும் உண்மை.

நாளைக்குச் செல்வராணியின் அடுப்பில் இன்னொரு கால்.
ஏழரைக்கு முன் முடிக்க வேண்டும்,
அந்த மருமகள்
இன்னும் பேசி முடிக்கவில்லையாம்.